கார்டிகனுக்கு முன் ஒரு மாதிரித் துண்டு: என்ன கோளாறு, என்ன செய்வது

காரைக்குடியில் இருந்துகொண்டு கம்பளிச் சட்டை பின்னுகிறேன் என்றால், இந்த வெயிலில் யார் போடுவது என்று கேட்கிறார்கள். போடப்போவது நாம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆட்கள் போனார்கள். இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பனி கொட்டும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வளவில் தூணோரம் உட்கார்ந்து பின்னுகிறோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. பாதி பின்னியதும் கூப்பிட்டு, "இங்கே வா, தோளில் வைத்துப் பார்ப்போம்" என்று சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை. ஆரம்பிக்கும் முன், 4 இன்சுக்கு எத்தனை கண்ணி (ஊசியில் விழும் வளையம்) வருகிறது என்று பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டை நம்பித்தான் முழுச் சட்டையும் வளர்கிறது.

நான் பின்னிய முதல் கார்டிகன், அதாவது முன்னால் திறந்து பட்டன் போடும் பின்னல் சட்டை, அண்ணன் மகளுக்கு. பருத்தி நூல். துண்டு பின்னினேன். ஊசியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தேன். 4 இன்சுக்குச் சரியாக 20 கண்ணி. சந்தோஷமாக ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் முடித்து அனுப்பினேன். இரண்டு முறை துவைத்த பிறகு அவள் போன் செய்தாள்: "அயித்தை, சட்டை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கையை நீட்டினா விரலே தெரியலை." அந்தத் துண்டை நான் தண்ணீரில் நனைக்கவே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்த ஒரு சோறு பதம் காட்டுவது அதே உலையில் வெந்ததால்தான். கார்டிகன் என்னென்ன பாடு படப்போகிறதோ, அத்தனையும் துண்டு முன்னாலேயே பட்டிருக்க வேண்டும். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இதை விட்டதால் வருகிறவை.

துண்டைப் பின்னும் முறை

பேட்டர்னில், அதாவது பின்னும் முறையையும் அளவையும் எழுதிய குறிப்பில், 4 இன்சுக்கு 20 கண்ணி, 28 வரிசை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலரும் ஊசியில் 20 கண்ணி மட்டும் ஏற்றி, நாலு இன்ச் வந்ததா என்று பார்க்கிறார்கள். அது போதாது. ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் நடுவில் உள்ளவை போல் இருப்பதில்லை. 30 கண்ணியோடு இரண்டு ஓரத்துக்கும் நாலு நாலு சேர்த்து 38 ஏற்றுங்கள். ஓரத்து நாலு கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட் (நேர்க் கண்ணி) போடுங்கள், நடுவில் உள்ள 30ஐ ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று பின்னுங்கள். மேலும் கீழும் நாலு வரிசை முழுக்க நிட். உயரம் குறைந்தது 6 இன்ச். முடிக்கும்போது இறுக்கிக் கட்டாமல் தளர்வாக முடியுங்கள்.

கழுவுவதற்கு முன் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். பிறகு, போடப்போகிறவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே கழுவுங்கள். அவர் மெஷினில் போடுவார் என்றால் துண்டும் மெஷினுக்குப் போகட்டும். இழுத்துப் பிடிக்காமல் படுக்கையாகப் பரப்பிக் காயவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுமையாக இருக்கிறதே என்று ஈரத் துணியை நேராக அதில் போட வேண்டாம். கீழே ஒரு வெள்ளைத் துவாலை விரித்துக்கொள்ளுங்கள். சாயம் இறங்கினாலும் அதில் தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் காய இரண்டு நாள்கூட ஆகும். முழுக்கக் காயும் வரை அளவு நாடாவைத் தொடாதீர்கள்.

"4 இன்சில் கண்ணி கூடுதலாக வருது, இல்லாட்டி குறைவா வருது"

எல்லோருக்கும் முதலில் வரும் கோளாறு இது. ஒன்றிரண்டு கண்ணிதானே என்று விடத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்புச் சுற்றுக்கு 200 கண்ணி என்று பேட்டர்ன் சொல்கிறது. இன்சுக்கு 5 கண்ணி என்றால் 40 இன்ச் வரும். உங்கள் துண்டில் 4 இன்சுக்கு 22 வந்தால் இன்சுக்கு ஐந்தரை. அதே 200 கண்ணி 36 இன்சுக்குச் சற்று மேல்தான் வரும். பட்டன் பூட்ட முடியாது. மாறாக 19 வந்தால் 42 இன்ச். அரைக் கண்ணி கூடி 20½ ஆனாலே சட்டையில் ஒரு இன்ச் போய்விடுகிறது. அதனால் அரைக் கண்ணியையும் விடாமல் எண்ணுங்கள்.

கண்ணி கூடினால் நீங்கள் இறுக்கமாகப் பின்னுகிறீர்கள். ஒரு அளவு பெரிய ஊசிக்குப் போங்கள். குறைந்தால் சிறிய ஊசி. கையைத் தளர்த்தியோ இறுக்கியோ சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். பத்து வரிசைக்கு ஞாபகம் இருக்கும், அப்புறம் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும். கை அப்படியே இருக்கட்டும், ஊசியை மாற்றுங்கள். ஊசி மாற்றினால் துண்டையும் முதலிலிருந்து பின்ன வேண்டும். பழைய துண்டின் மேலேயே தொடர்ந்தால் அடிப்பகுதி மேல்பகுதியை இழுத்துப் பிடிக்கும்.

ஊசி எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் எண் பொறித்திருக்கும். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் எண் என்றால் 4 மி.மீ., 10ஆம் எண் என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண் நேர்மாறு. அதில் 8 என்பது 5 மி.மீ., 10 என்பது 6 மி.மீ. அமெரிக்கப் பேட்டர்னைப் பார்த்து 8ஆம் எண் ஊசி வாங்கி வந்து, துண்டு ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது என்று திகைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். எண் அழிந்த பழைய ஊசி என்றால், ஊசி அளக்கும் ஓட்டைப் பலகை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

நூலிலும் இதே சிக்கல் உண்டு. 'பிளை' என்பது எத்தனை இழை சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. பருமனை உறுதியாகச் சொல்வதில்லை. நாலு மெல்லிய இழையும் 4 பிளைதான், நாலு தடித்த இழையும் 4 பிளைதான். லேபிளில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று போட்டிருக்கும். அந்த எண் பேட்டர்னில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டி.கே. என்ற பருமனில் 21 முதல் 24 வரை வரும், அதைவிடத் தடித்த வொர்ஸ்டெடில் 16 முதல் 20 வரை. ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்து, ஊசியை மட்டும் மாற்றி இழுத்துப் பிடித்தால் கண்ணிக் கணக்கு வந்துவிடும், ஆனால் துணி சல்லடையாகவோ அட்டையாகவோ ஆகிவிடும்.

"ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் ஒவ்வொரு எண் வருது"

மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது, டேப். நாள்பட்ட தையல் டேப் நீண்டுபோயிருக்கும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும், அதை வைத்து அளங்கள். இரண்டாவது, அளக்கும் இடம். ஓரத்தையும் ஏற்றிய வரிசையையும் விட்டு நடுவில் அளக்க வேண்டும். வேறு நிற நூலால் இரண்டு அடையாளம் போட்டு, இடைப்பட்ட கண்ணிகளை எண்ணினால் கண் தவறாது. மூன்றாவது, துண்டு சின்னது. 4 இன்ச் அகலத் துண்டில் யார் அளந்தாலும் எண் ஆடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் ஆடுகிறதா? அப்படியானால் துண்டே சீராக இல்லை. சென்னைக்குப் பல்லவனில் போகும்போது பாதியும் வீட்டுக்கு வந்து மீதியும் பின்னிய துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ரயிலில் பின்னிய பாதியில் கண்ணிகள் நெருக்கி நிற்கின்றன. இடம் மாறினால் கை மாறும். துண்டைக் கார்டிகன் பின்னப்போகும் இடத்தில், அந்த நேரத்தில், இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பின்னுங்கள். ஒரே மூச்சில் பின்னினால் கை களைத்த பிறகு எப்படிப் பின்னுகிறீர்கள் என்பது துண்டில் பதிவாகாது.

"கண்ணி சரியா இருக்கு, வரிசைக் கணக்குதான் ஒத்துவரலை"

இதற்காக ஊசியை மாற்றாதீர்கள். மாற்றினால் கண்ணிக் கணக்கு கெட்டுவிடும். அகலம் முதலில், நீளத்தைப் பின்னால் சரிக்கட்டலாம். உடம்பின் நீளம், கையின் நீளம் இதெல்லாம் பெரும்பாலும் "இத்தனை இன்ச் வரும்வரை பின்னவும்" என்றுதான் இருக்கும். அங்கே தொல்லை இல்லை. தொல்லை வருவது தோளிலிருந்து அக்குள் வரை உள்ள பகுதியில். அங்கே வரிசை எண்ணைக் கொடுத்திருப்பார்கள்.

உதாரணம் பாருங்கள். மேலிருந்து கீழே பின்னும் ஒரு பேட்டர்னில் இன்சுக்கு 7 வரிசை, தோளிலிருந்து அக்குள் வரை 56 வரிசை, அதாவது 8 இன்ச். உங்களுக்கு இன்சுக்கு 8 வரிசை வருகிறது. அதே 56 வரிசையை நீங்கள் பின்னினால் 7 இன்ச்தான் கிடைக்கும். கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கும். உங்களுக்குத் தேவை 64 வரிசை. கூடுதலான 8 வரிசையை ஒரே இடத்தில் சேர்க்காமல், கண்ணி கூட்டும் வரிசைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரப்பிவிடுங்கள். கூட்டும் தடவைகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. கையில் கண்ணி குறைக்கும் இடத்திலும் இதே வழிதான்.

"கழுவினதும் பெரிசாயிடுச்சு"

எனக்கு நடந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பருத்தி நூலுக்குக் கம்பளிபோல் சுருண்டு திரும்பும் குணம் கிடையாது. இழுபட்டால் இழுபட்டபடியே நிற்கும். அதன் எடையும் அதிகம். துண்டு ஒன்றிரண்டு பிடி கனம்கூட இருக்காது, முழுக் கார்டிகன் அரைக் கிலோ வரும். அந்தக் கனம் தோளிலிருந்து தொங்கி ஒவ்வொரு கண்ணியையும் கீழே இழுக்கும். படுக்கப்போட்டு அளந்த துண்டில் இது தெரியவே தெரியாது.

அதனால் பருத்தித் துண்டைக் கழுவிக் காயவைத்து அளந்த பிறகு, மேலோரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். கீழோரத்தில் வரிசையாக நாலைந்து துணிக் கிளிப் மாட்டுங்கள். ஒரு ராத்திரி தொங்கட்டும். காலையில் தொங்கியபடியே வரிசைகளை எண்ணுங்கள். முன்பு 4 இன்சுக்கு 28 வரிசை இருந்தது, இப்போது 26தான் இருக்கிறது என்றால், 24 இன்ச் பின்னிய உடம்பு போடும்போது 26 இன்சை நெருங்கிவிடும். 18 இன்ச் கை 19½ இன்ச் அளவுக்கு வரும். அண்ணன் மகளின் விரல்கள் மறைந்தது இந்த ஒன்றரை இன்சில்தான். நீளம் தீர்மானிக்கும்போது தொங்கிய வரிசைக் கணக்கையும், அகலத்துக்குக் கழுவிய கண்ணிக் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியை ஒரு அளவு குறைத்துத் துணியைக் கெட்டியாகப் பின்னினாலும் தொங்கல் குறையும். கார்டிகனுக்கு முன்பக்கம் திறந்திருப்பதால், இரண்டு முன்பாகங்களும் முதுகைவிடச் சீக்கிரம் தொங்கும். உடம்பைத் தனித்தனிப் பாகமாகப் பின்னிப் பக்கவாட்டிலும் தோளிலும் தைத்துச் சேர்த்தால், அந்தத் தையல் எலும்புபோல் நின்று பாரத்தைத் தாங்கும். பருத்தியில் கார்டிகன் என்றால் நான் இப்போது தையல் வைத்துத்தான் பின்னுகிறேன்.

கம்பளியும் சில சமயம் பெரிதாகும். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட மெரினோ நூலில், இழையின் மேலுள்ள செதில்களை மழுக்கியோ பூச்சால் மூடியோ இருப்பார்கள். அதனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. நனைந்ததும் துணி தாராளமாக விரிந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது பயமாக இருக்கும். ஈரத்தில் அளக்காதீர்கள். காய்ந்த பிறகும் பெரிதாகவே இருந்தால், அதுதான் அந்த நூலின் உண்மையான அளவு. அதை வைத்து ஊசியைக் குறையுங்கள்.

"கழுவினதும் சுருங்கி அட்டை மாதிரி ஆயிடுச்சு"

இது சாதாரணக் கம்பளியில் வரும். சுடுதண்ணீர், கசக்கல், சோப்பு மூன்றும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். திரும்பப் பிரிக்கவே முடியாது. துண்டு போனால் போகிறது, கார்டிகன் தப்பித்தது என்று நிம்மதியாக இருங்கள். புதுத் துண்டு பின்னி, பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டைத் தண்ணீரோ கொஞ்சம் ஷாம்புவோ கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி எடுங்கள். பட்டுப் புடவைக்குக் காட்டும் பக்குவம்தான். சட்டை போகப்போகும் வீட்டில் அப்படித் துவைக்க நேரமில்லை என்றால், அந்த வீட்டுக்கு இந்த நூல் வேண்டாம்.

"ஓரமெல்லாம் சுருண்டுக்குது"

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் பின்னல் சுருளத்தான் செய்யும். கோளாறு இல்லை. ஓரத்து நாலு கண்ணி போட்டால் அடங்கும்.

அக்ரிலிக் நூல் என்றால் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாலும் அதிகம் மாறாது. அப்போது அயர்ன் பாக்ஸை எடுத்து அழுத்தத் தோன்றும். கூடாது. சூடு நேராகப் பட்டால் இழை லேசாக உருகி, துணி துவண்டு, பளபளவென்று ஆகி, உயிர் போய்விடும். திரும்ப வராது. ஆவி அயர்ன் பாக்ஸை ஒரு இன்ச் உயரத்தில் பிடித்து, ஆவி மட்டும் படும்படி ஒருமுறை காட்டி எடுத்தால் கண்ணிகள் ஒழுங்காகும். இதையும் முதலில் துண்டில் செய்து பாருங்கள், நேராகச் சட்டையில் வேண்டாம்.

"நூல் என்னன்னே தெரியலை, லேபிள் இல்லை"

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ கொண்டுவந்து, பெட்டகத்தில் கிடந்த நூல் பல வீடுகளில் உண்டு. ஒரு விரற்கடை வெட்டி, சாமணத்தில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு நெருப்பில் காட்டுங்கள். முடி கருகிய வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரிந்த வாசமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக் அல்லது வேறு செயற்கை இழை. கலப்பு நூலில் இரண்டும் கலந்து தெரியும். அப்படியானால் அதிலுள்ள நொய்மையான இழைக்கு ஏற்றபடி துவையுங்கள்.

"சாயம் இறங்குது"

கண்டாங்கிப் புடவையின் நிறத்தில் கார்டிகன் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். அரக்கு, கடுகு மஞ்சள், இடையிடையே கறுப்புக் கோடு. அழகான யோசனை. ஆனால் மூன்று நிறத்தையும் தனித்தனியாகத் துண்டு பின்னிப் பார்த்தால் கோளாறு தெரியாது. ஒரே துண்டில் மூன்றையும் கோடாகப் பின்னிக் கழுவினோம். மஞ்சள் கோட்டின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு. அரக்கு நூலில் உபரிச் சாயம் இருந்தது.

கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீடுகளில் சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றி வந்த நூலில் உபரியாக ஒட்டியிருப்பதை உப்பு பிடித்து வைக்காது, அலசி வெளியேற்றத்தான் வேண்டும். அரக்கு நூலைப் பந்திலிருந்து சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசினோம். ஏழு தண்ணீர் ஆனது. பிறகு நிழலில் காயவைத்து மறுபடி துண்டு பின்னினோம். இந்தத் தடவை மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பத்துத் தண்ணீருக்குப் பிறகும் தெளியவில்லை என்றால் அந்த நூலை ஒற்றை நிறச் சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள். காயவைக்கும்போது வெயிலில் போட வேண்டாம். நம் ஊர் வெயில் ஒரே நாளில் நிறத்தைத் தின்றுவிடும்.

"துண்டு ஒரு பக்கமாச் சாயுது"

சதுரமாகப் பின்னியது கழுவியதும் சாய்சதுரமாகிவிட்டால், குற்றம் கையில் இல்லை, நூலின் முறுக்கில் இருக்கிறது. ஒற்றை இழை நூலிலும், ஒரே பக்கம் முறுக்கு ஏறிய நூலிலும் இது நடக்கும். குண்டூசி குத்தி நேராக்கிக் காயவைத்தாலும் அடுத்த துவைப்பில் சாயும். நிட்டும் பர்லும் மாற்றி மாற்றி வரும் அரிசிப் பின்னலுக்குப் போனால் சாய்வு அடங்கும். அந்தப் பின்னலில் கண்ணிக் கணக்கு வேறு, புதுத் துண்டு தேவை. கயிற்றுப் பின்னல் உள்ளே இழுக்கும், ஓட்டைப் பின்னல் விரியும், அவற்றுக்கும் தனித் துண்டு வேண்டும்.

"வரிசைகள் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு தெரியுது"

துண்டின் பின்பக்கத்தில் இரண்டு வரிசைக்கு ஒரு பள்ளம் தெரிந்தால், உங்கள் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வு. ரொம்பப் பேருக்கு இது இருக்கும். முனை மாற்றக்கூடிய வட்ட ஊசி இருந்தால், பர்ல் பின்னும் பக்கம் ஒரு அளவு சிறிய முனையை மாட்டிவிடுங்கள். உடனே சீராகிவிடும்.

இதே பழக்கம் இன்னொரு இடத்தில் பிடிக்கும். கார்டிகனின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பின்னுகிறோம், கையை வட்டமாகப் பின்னினால் அங்கே பர்ல் வரிசையே கிடையாது. ஒரே ஊசி, ஒரே நூல், ஆனாலும் கை இறுகும். கைக்கு ஊசியை ஒரு அளவு ஏற்றுங்கள், அல்லது கையையும் திருப்பிப் பின்னித் தைத்துவிடுங்கள்.

"சித்திரையில் பின்னின துண்டும் தையில் பின்னின துண்டும் ஒண்ணா இல்லை"

வெயில் காலத்தில் உள்ளங்கை வியர்த்தால் நூல் விரலில் ஒட்டும், மூங்கில் ஊசியில் இன்னும் நகராது. நகரவில்லை என்று இழுப்போம், கண்ணி இறுகும். உலோக ஊசி வழுக்கி ஓடும், அதில் கண்ணி பெரும்பாலும் தளரும். அதனால் ஊசியின் அளவு ஒன்றாக இருந்தாலும் வகை மாறினால் துண்டு மாறும். துண்டு எந்த ஊசியிலோ கார்டிகனும் அதே ஊசியில். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்குள் முற்றத்துக் காற்றில் பின்னுவது எனக்குச் சரிப்படுகிறது.

"நூல் போதுமான்னு தெரியலை"

துண்டை வைத்தே கண்டுபிடிக்கலாம், பலரும் இதைச் செய்வதில்லை. சமையலறைத் தராசில் துண்டை நிறுங்கள். 15 செ.மீ.க்கு 15 செ.மீ. துண்டு, அதாவது 225 சதுர செ.மீ., 9 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டையின் உடம்பு 100 செ.மீ. சுற்று, 60 செ.மீ. நீளம் என்றால் 6000 சதுர செ.மீ. ஒரு கை சராசரி 34 செ.மீ. சுற்று, 45 செ.மீ. நீளம், இரண்டு கைக்கு 3060. மொத்தம் 9060. அதை 225ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 362 கிராம். கழுத்து, பட்டன் பட்டி, முடிச்சுத் துணுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 410 கிராமுக்குக் குறையாமல் வாங்குங்கள். எல்லாப் பந்தும் ஒரே லாட் எண்ணாக, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றியதாக, இருக்கட்டும். கடையில் லாட் கலந்துதான் இருக்கிறது என்றால், இரண்டு லாட்டையும் இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றிப் பின்னினால் நிற வித்தியாசம் கண்ணில் படாது. அதையும் துண்டில் பின்னி வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து நம்ப வேண்டாம்.

"பட்டன் பட்டி அலையுது, இல்லாட்டி இழுத்துப் பிடிக்குது"

கார்டிகனுக்கு மட்டும் உரிய கோளாறு இது. முழுச் சட்டையும் முடிந்த பிறகு பட்டியில் கெட்டால் மனசே விட்டுப்போகும். துண்டின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு குட்டிப் பட்டி பின்னிப் பாருங்கள். இதற்காக மட்டும் ஒரு ஓரத்தில் அந்த நாலு கண்ணி இல்லாமல் இன்னொரு துண்டு தேவை. பக்கவாட்டில் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுப்பதில் ஆரம்பியுங்கள். 168 வரிசை உள்ள முன்பாகத்தில் 126 கண்ணி வரும். பட்டி பாவாடை விளிம்புபோல் அலைந்தால் கண்ணி அதிகம், ஓரத்தை மேலே இழுத்தால் குறைவு. உடம்புக்குப் போட்டதைவிட ஒன்றிரண்டு அளவு சிறிய ஊசியில், நிட்டும் பர்லும் கோடுகோடாக வரும் ரிப் பின்னினால் பட்டி விறைப்பாக நிற்கும்.

பட்டனை வாங்கிய பிறகே துளை போட்டுப் பாருங்கள். பின்னல் நெகிழும், ஆகவே பட்டன் கொஞ்சம் சிரமப்பட்டு நுழைவதுதான் சரியான அளவு. சுலபமாக நுழைந்தால் நாலு நாளில் தானாகக் கழன்றுவிடும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒருமுறை ஆறு பித்தளைப் பட்டன் வாங்கினேன், ஆசையாக இருந்தது. துண்டில் ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டதும் அந்த இடம் மூக்குபோல் முன்னால் வந்துவிட்டது. பட்டிக்குப் பின்னால் ஒரு ரிப்பனும், ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு சின்னப் பட்டனும் வைத்துத் தைத்த பிறகுதான் நின்றது.

"துண்டு சரியா வந்துச்சு, சட்டை சரியா வரலை"

இதுவும் நடக்கும். துண்டில் 38 கண்ணி, சட்டையில் 200. கண்ணி நிறைய ஏறினால் கை ஒரு லயத்துக்கு வந்து சிலருக்குத் தளரும், சிலருக்கு இறுகும். அதனால் நான் சட்டையின் கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐந்து இன்ச் பின்னியதும் கண்ணிகளை வேறு நூலில் கோத்துவிட்டு, அப்படியே நனைத்துக் காயவைத்து அளக்கிறேன். ஒத்துவந்தால் தொடர்வேன். ஒத்துவராவிட்டால் பிரிக்க வேண்டியது ஐந்து இன்ச் கைதான், முழு முதுகு இல்லை.

துண்டைப் பிரித்து அந்த நூலையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அந்த ஒன்பது கிராமை விட்டுவிடுங்கள். ஊசி அளவு, நூலின் பெயர், லாட் எண், கழுவும் முன் கணக்கு, கழுவிய பின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதித் துண்டோடு கட்டிச் சட்டையோடு அனுப்பிவையுங்கள். சட்டையைத் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் துண்டையும் கூடவே போடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அண்ணன் மகளுக்குப் பின்னி அனுப்பிய கார்டிகனில் முழங்கை தேய்ந்தது. துண்டைப் பிரித்து அந்த நூலாலேயே ஒட்டுப்போட்டாள். சட்டை வெளுத்த அளவுக்கு அந்த நூலும் வெளுத்திருந்ததால், ஒட்டு எங்கே இருக்கிறது என்று போட்டோவில் எனக்கே தெரியவில்லை.